ஆகஸ்ட் லீவில் தோட்டப் பிள்ளைகளுக்கு ஒரு தலைமைத்துவ முகாம்: எப்படி நடத்தலாம்?

மேட்டுலயத்து டீச்சர் (ஜூன் 8)

எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் குடியியற் கல்வி படிப்பிக்கிறேன். வருகிற ஆகஸ்ட் லீவில் தரம் 10 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகள் இருபத்து நான்கு பேருக்கு ஆறு நாள் முகாம் ஒன்று நடத்த நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் யோசித்திருக்கிறோம். மண்டபம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பழைய மாணவர்கள் பொறுப்பு எடுத்திருக்கிறார்கள். முகாமில் என்ன செய்வது என்பதில்தான் உங்கள் உதவி வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் வெளியூரில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். தொப்பி, டீ ஷர்ட், சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் கிடைத்தன. "என்ன படிச்சீங்க?" என்று கேட்டேன். நல்ல தலைவருக்கு வேண்டிய பத்துக் குணங்களை ஒரு பிள்ளை மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். அதே கிழமை அவளுடைய அண்ணனுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்து, தோட்டக் கந்தோரில் பத்து நாள் கிடந்து, தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கென்று தனி முகவரி இல்லை, முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி. உங்களுக்குத் தெரியாத கதையா? அந்தக் கடிதத்தைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது, எழுதுவதென்றால் யாருக்கு எழுதுவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பத்துக் குணமும் அவளுக்குக் கைகொடுக்கவில்லை.

இப்படி இன்னொரு பயிற்சி நடத்த எனக்கு மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஊவாக்காரன் (ஜூன் 8)

டீச்சர், நல்ல காரியம். ஒன்று மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைக்காதீர்கள். முதல் நாளே பிரதேச சபைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். மாதாந்தக் கூட்டத்தைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். நான் முதன்முதலில் போனபோது எனக்கு வயது முப்பத்தைந்து. அதுவரை உறுப்பினர் என்றால் கோயில் திருவிழாவுக்கு வருபவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

உங்கள் மாவட்டத்தில் சபைகள் இப்போது கிட்டத்தில்தான் இருக்கின்றன. 2018 தேர்தலுக்கு முன்பு அம்பகமுவ, நுவரெலியா என்று இருந்த இரண்டு பெரிய சபைகளையும் ஆறாகப் பிரித்தார்கள். மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் தனிச் சபைகளானது அப்படித்தான். அதற்காக எத்தனை வருடம் கேட்டோம்! கேட்டு வாங்கிய சபைக்குள் நம் பிள்ளைகள் ஒருமுறைகூடக் காலடி வைக்காவிட்டால் எப்படி?


ஆறாம் நம்பர் அம்மா (ஜூன் 9)

டீச்சர், நான் கொழுந்து எடுக்கிறவள். மகள் பத்தாம் வகுப்பு. இதை அவள்தான் வாசித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

ஆறு நாள் தொடர்ந்து என்றால் எங்களால் அனுப்ப முடியாது. லீவில் சின்னவனைப் பார்ப்பது அவள்தான். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஐந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். நான் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர ஐந்து மணி ஆகும். பொழுது சாய்ந்த பிறகு மடுவத்துப் பாதையில் வெளிச்சமும் இல்லை, பிள்ளையைத் தனியாக விட முடியாது. மூன்று மணிக்கு விட்டால் அனுப்புவேன்.

இன்னொன்று. தலைமைத்துவம் என்று சொன்னதும் அவள் அப்பா, "தலைவருக்கா படிக்கப் போற? வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் தோட்டத்தில் தலைவர் என்றால் சங்கத்துத் தலைவர்தான். பெயரை மாற்றி வையுங்கள்.


பழைய தலைவர் (ஜூன் 9)

தங்கச்சி சொன்னது என் நெஞ்சில் பட்டது. பத்தொன்பது வருடம் தோட்டத் தலைவராக இருந்தவன் நான். அந்தச் சொல் வீடுகளில் இப்படி ஆகிப்போனதற்கு எங்களுக்கும் பங்கு உண்டு. சந்தாவுக்காகச் சண்டை போட்டோம், ஒரே லயத்தை இரண்டு சங்கமாகப் பிரித்தோம். மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் டீச்சர், பெயரை மாற்றினாலும் கதையை விட்டுவிடாதீர்கள். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தது 1931 இல். வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைக்கவே முடியாத காலம் அது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் ஆட்களைச் சேர்த்தார். அந்த 1931 தான் சர்வசன வாக்குரிமை வந்த வருடமும்கூட. 1947 தேர்தலில் நம் தோட்டத் தொழிலாளரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. என் அப்பா அதில் வாக்குப் போட்டவர். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கம். அப்பா இந்த மண்ணிலேயே பிறந்தவர். இருந்தும் நாடற்றவராகத்தான் செத்தார். 1964 இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேரின் கணக்கைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். எனக்கு வாக்கு வந்தது நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988 சட்டத்துக்குப் பிறகு. அப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. என் மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது.

பதினெட்டு வயதில் சும்மா கிடைக்கிற வாக்கு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஒரு நாள் பின்னேரம் இதைச் சொல்ல வேண்டும் என்றால் நான் வருகிறேன். பஸ் காசு வேண்டாம்.


நியூஜெர்சி மலையகன் (ஜூன் 10)

பண்டாரவளையில் பிறந்து இப்போது அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடை லீவில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் நிறைய உண்டு. பழையது ஒன்று போய்ஸ் ஸ்டேட், 1935 இல் இலினோயில் தொடங்கியது. பிள்ளைகள் ஒரு கிழமை ஒன்றாகத் தங்கி, கட்சி அமைத்து, தேர்தல் நடத்தி, நகர சபை முதல் மாநில அரசு வரை தாங்களே நடத்திப் பார்ப்பார்கள். அதற்கு மேற்படியாகத் தலைநகரில் நடப்பதுதான் போய்ஸ் நேஷன். 1963 இல் அதற்குப் போன பில் கிளின்டன், பதினாறு வயதில் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் கென்னடிக்குக் கை கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

தேர்தலில் நின்று தோற்பது எப்படி இருக்கும் என்று பதினாறு வயதிலேயே தெரிந்துகொள்வது பெரிய விஷயம். நம் பிள்ளைகளுக்கும் ஒரு மாதிரிச் சபை நடத்திப் பார்க்கலாமே?


மேட்டுலயத்து டீச்சர் (ஜூன் 10)

அண்ணா, மாணவர் பாராளுமன்றம் எங்கள் பாடசாலையிலும் இருக்கிறது. சபாநாயகர் உண்டு, அமைச்சர்கள் உண்டு. சுகாதார அமைச்சராக இருந்த பிள்ளை அருமையாகப் பேசுவான். பாடசாலைக் கழிவறையில் தண்ணீர் வராத மூன்று மாதமும் அவன்தான் அமைச்சர். அதை யாரிடம் கேட்க வேண்டும் என்று நாங்கள் அவனுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தப் பிழை எங்களுடையது.

நீங்கள் சொல்லும் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் தபால் பெட்டி இருக்கிறது. தெரு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. அங்கே மாதிரி அரசு நடத்திப் பார்த்தால் போதுமாக இருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு நிஜமான அரசே இன்னும் எட்டவில்லை. அதனால் நிஜத்திலேயே தொடங்க ஆசைப்படுகிறேன். தோற்றுப் பழகுவது பற்றிச் சொன்னீர்கள், அதை எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா, மூன்று மணிக்கு விட்டுவிடுவோம். சின்னவனையும் கூட்டி வரச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ள ஆள் போடுகிறோம்.


மெஞ்ஞானக் கணக்கு (ஜூன் 11)

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. பதினாறு வருடமாகத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் போனால் பிள்ளை கொழும்புக் கடைக்குத்தான் போகிறது. அந்த பஸ்ஸில் ஏறியவர்களை நான் பெயர் சொல்லி எண்ண முடியும். ஆகஸ்ட் லீவு எங்களுக்குக் கிடைக்கும் கடைசி இழுவை. அதில் ஆறு நாள் என்பது ஒரு பாட அலகு. ஊர்ப் பொறுப்பு எல்லாம் சரிதான், முதலில் பாஸ் பண்ணட்டும்.


மேட்டுலயத்து டீச்சர் (ஜூன் 11)

சேர், நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் யோசித்தேன். ஆறு நாளை மூன்றாகக் குறைக்கிறேன். மிச்சத்தை டிசம்பர் வரை ஒரு கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணித்தியாலமாக வைக்கிறேன். உங்கள் வகுப்பு நேரத்தைத் தொட மாட்டேன். இப்போது யோசித்தால் இதுவே நல்லது போலவும் படுகிறது. ஒரு கடிதம் போட்டுப் பதில் வரவே ஆறு நாளுக்கு மேல் ஆகுமே.


சபை எழுதுவினைஞர் (ஜூன் 12)

நான் ஒரு பிரதேச சபையில் வேலை செய்கிறேன், எது என்று சொல்லவில்லை. தபாலைத் திறக்கும் மேசையில் பல வருடம் இருந்தவள். பிள்ளைகளுக்கு உதவும் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

"எங்கள் தோட்டத்துக்கு வெளிச்சம் வேண்டும்" என்று வரும் கடிதத்தை என்னால் எந்தக் கோப்பிலும் போட முடியாது. "கோயிலடியில் தொடங்கிக் கொழுந்து மடுவம் வரை போகும் பாதை, இவ்வளவு மீற்றர், இத்தனை வீடு, இத்தனை பிள்ளைகள் இந்த நேரத்தில் நடக்கிறார்கள், மின்கம்பம் இத்தனை நிற்கிறது" என்று வந்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அன்றே அனுப்பலாம். அளந்து எழுதச் சொல்லுங்கள். கணக்கு சேரும் சந்தோஷப்படுவார்.

அடுத்தது, பாதை யாருடையது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சபையுடையதா, மாகாணத்துடையதா, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதா, தோட்டக் கம்பனியிடம் இருப்பதா? நம் பக்கத்தில் பாதிக் கடிதங்கள் பிழையான கந்தோருக்குப் போய்த்தான் செத்துப் போகின்றன. பிரதேச சபைச் சட்டம், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கம், அதன் 33 ஆவது பிரிவைக் காட்டித்தான் தோட்டங்களுக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்று இத்தனை காலம் சொல்லி வந்தோம். 2018 இல் அது திருத்தப்பட்டது. இன்னும் "தோட்டம் எங்கள் பொறுப்பில்லை" என்று யாராவது சொன்னால், திருத்தத்தைப் பற்றி மரியாதையாகக் கேட்கலாம். கம்பனிகளிடம் இருப்பதும் 1990களில் குத்தகைக்குக் கொடுத்த காணி, பெரும்பாலும் அரசாங்கத்தின் நிலம்தான்.

கடிதத்தில் எப்போதும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். ஒவ்வொரு கந்தோரிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தகவலைக் கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வந்து வாயால் கேட்டாலும் அவர்தான் எழுத்தில் பதிய உதவ வேண்டும். விண்ணப்பத்தை ஒரு பெற்றோரின் பெயரில் போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா கையெழுத்துப் போட்டு ஒரு கந்தோரிடம் கேள்வி கேட்பதைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.


கண்டியிலிருந்து (ஜூன் 12)

மேலே எழுதிய அக்காவுக்குக் கோடி நன்றி. இதை அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

நான் பிள்ளைகளோடு வேலை செய்பவன். ஒரு எச்சரிக்கை மட்டும். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992 இல் யுனிசெப்புக்காக எழுதிய கட்டுரையில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாகப் பிரித்தார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் எடுக்கவில்லை. பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் வாயால் சொல்ல வைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்கு ஒருவரை மேடையில் உட்கார வைப்பது. பூமாலையோடு வெயிலில் நின்று அரசியல்வாதிக்குக் கை காட்டிய பிள்ளைகள் நாமெல்லாம். முகாம் பற்றிக் கேள்விப்பட்டதும் உங்களிடமும் ஆட்கள் வருவார்கள், பை கொடுக்கிறோம், கொப்பி கொடுக்கிறோம் என்று. தொடக்க விழாவே வைக்காதீர்கள். விழா இல்லாவிட்டால் அழைப்பும் தேவையில்லை.


ஊவாக்காரன் (ஜூன் 13)

ஒரு யோசனை. எனக்கு இது மனசுக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. நேரத்தோடு பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தும் ஆட்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு எளிமையானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இரு. 100 என்றால் கிளம்பத் தயாராகு. 150 என்றால் கிளம்பு. ஒரே மணித்தியாலத்தில் 75 என்றாலும் கிளம்பு. நேராக நிற்கும் போத்தல் ஒன்றின் மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து, பக்கத்தில் அளவுகோல் ஒட்டினால் மழைமானி ஆகிவிடும். அடியில் உள்ள வளைவை மட்டும் முதலில் தண்ணீர் ஊற்றிச் சமப்படுத்த வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுத ஒரு கொப்பி. ஐந்து பிள்ளைகள் ஒரு தோட்டத்தைக் காவல் காக்கலாம். எனக்குத் தெரிந்த தலைமைத்துவம் இதுதான்.


மேட்டுலயத்து டீச்சர் (செப்டம்பர் 2)

முகாம் முடிந்தது. பலர் தனியாகக் கேட்டீர்கள், நடந்ததை எழுதுகிறேன்.

பெயரை "நம்ம ஊர், நம்ம வேலை" என்று மாற்றினோம். இருபத்து நான்கில் பத்தொன்பது பேர் வந்தார்கள், பதின்மூன்று பேர் பெண் பிள்ளைகள். முதல் நாள் எதுவும் படிப்பிக்கவில்லை. நான்கு பேராகப் பிரிந்து லயம் லயமாகப் போய், "உங்களுக்கு எது கஷ்டம்?" என்று மட்டும் கேட்டு எழுதி வரச் சொன்னோம். வீடில்லை, சம்பளம் போதாது என்று வரும் என எதிர்பார்த்தேன், வந்தது. ஆனால் ஒரு பாட்டி, "கேட்டதுக்கே சந்தோஷம், இதுக்கு முன்ன யாரும் எழுதிக்கிட்டுப் போகல" என்று சொன்னதாக ஒரு பையன் வந்து அழுதான். அந்தப் பின்னேரம் பழைய தலைவர் ஐயா பேசினார். அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பிழைப் பெயரோடுதான் அவர் இன்று வரை வாழ்கிறார்.

பிள்ளைகளே நான்கு வேலைகளைத் தெரிவு செய்தார்கள்: கடிதம், மடுவத்துப் பாதை வெளிச்சம், மழைமானி, மேல் லயத்துத் தண்ணீர்ப் பீலி.

பீலி வேலை நின்றுவிட்டது. இரண்டு பையன்களின் வீடுகள் வேறு வேறு சங்கம். முதல் கடிதத்தில் எந்தத் தலைவருடைய பெயரைப் போடுவது என்று பெரியவர்கள் நடுவில் சண்டை வந்து, பிள்ளைகள் வராமல் விட்டார்கள். நான் முன்கூட்டியே இரண்டு வீட்டுக்கும் போய்ப் பேசியிருக்க வேண்டும். அந்தப் பீலியில் இன்னும் மழைக்காலத்தில் மண்ணோடுதான் தண்ணீர் வருகிறது. விடப் போவதில்லை, ஒக்டோபரில் மறுபடி தொடங்குவோம்.

கடிதக் குழுவுக்கு வெற்றி என்றே சொல்லலாம். தோட்டக் கந்தோருக்குப் போய்ப் பேசினார்கள். திங்களும் வியாழனும் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர் வந்து கடிதங்களை எடுத்து, கொப்பியில் கையெழுத்துப் போடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். கேட்டவள் யார் தெரியுமா? பத்துக் குணம் ஒப்புவித்த அதே பிள்ளை. நிரந்தரத் தீர்வு ஒவ்வொரு வீட்டுக்கும் முகவரி கிடைப்பதுதான். அது வரும்வரை இந்தக் கொப்பி இருக்கும்.


மெஞ்ஞானக் கணக்கு (செப்டம்பர் 3)

மழைமானிக் குழுப் பிள்ளைகள் இருவர் என் வகுப்பில் இருக்கிறார்கள். சராசரி, வரைபு இரண்டையும் இந்தத் தவணை நான் அவர்களுடைய கொப்பியை வைத்துத்தான் படிப்பித்தேன். சனிக்கிழமைகளில் என் வகுப்பை அரை மணித்தியாலம் தள்ளி வைக்கிறேன் டீச்சர்.


ஆறாம் நம்பர் அம்மா (நவம்பர் 16)

இந்த முறை மகளே எழுதுகிறாள், அவள் பேச்சு.

வணக்கம். நான் வெளிச்சக் குழு. எங்கள் முதல் கடிதத்துக்குச் சபையில், தோட்டக் கம்பனியின் சம்மதம் வேண்டும் என்றார்கள். கம்பனியில், அது சபையின் வேலை என்றார்கள். அப்புறம் அம்மாவின் பெயரில் தகவல் விண்ணப்பம் போட்டோம். மடுவத்துப் பாதை சபையின் பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விதான். அம்மா அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் வாங்கினார், மீதி நேரம் எங்களோடு வந்தார். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது, ஆனால் போட்டார்.

பதின்மூன்றாவது வேலை நாளில் பதில் வந்தது. சிங்களத்தில் இருந்தது. தமிழில் பதில் பெற எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று டீச்சர் அரசியலமைப்பில் நான்காம் அத்தியாயத்தைக் காட்டினார். அதை எழுதி மறுபடி அனுப்பினோம். போன புதன்கிழமை தமிழில் வந்தது. பாதையின் கீழ்ப்பகுதி, கோயிலடி முதல் பாலம் வரை, சபையின் பதிவேட்டில் இருக்கிறதாம். மேல் பகுதி இல்லையாம்.

அதனால் இப்போது இரண்டு கடிதம் எழுத வேண்டும். கீழ்ப்பகுதிக்கு விளக்குக் கேட்டு ஒன்று, மேல் பகுதியைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி ஒன்று. அடுத்த சனிக்கிழமை பாலத்திலிருந்து மேலே அளக்கப் போகிறோம். எங்களிடம் இருப்பது ஐந்து மீற்றர் நாடாதான். யாரிடமாவது நீளமான நாடா இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன்பு டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள், அளந்ததும் திருப்பித் தருவோம்.